வயித்துல பை வேண்டாம்னு அழுதேன்

அன்பானவங்களே, உங்க முன்னாடி உயிரோட நின்னு பேசுறது எனக்கே இன்னும் நம்ப முடியல.

என் பேரு ஆரோக்கியமேரி. கடலூர்ல ஒரு ஜவுளிக்கடையில புடவை செக்‌ஷன்ல நிக்கிறேன். என் வீட்டுக்காரர் சேவியர் பண்ருட்டியில முந்திரி கம்பெனிக்குப் போறார். போன வருஷம் கிறிஸ்மஸ் வியாபாரம் நடக்கும்போது வெளிக்குப் போனா ரத்தம் வந்துச்சு. நாள் பூரா நிக்கிற வேலை, மூலமாத்தான் இருக்கும்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன். நிக்கல. உடம்பு வெளுத்துப்போச்சு. ஒரு நாள் கடையிலயே மயங்கி விழுந்துட்டேன்.

சிதம்பரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு சேவியர் கூட்டிட்டுப் போனார். டியூப் விட்டுப் பாத்தாங்க, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்க. ரிசல்ட் வந்த அன்னிக்கு டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உக்காரச் சொன்னாங்க.

"இது மூலம் இல்லம்மா. மலக்குடல்ல கேன்சர்."

எனக்கு காது அடைச்சிப்போச்சு. அவுங்க வாய் அசையுறது தெரியுது, சத்தம் கேக்கல. சேவியர் என் கையைப் புடிச்சிருந்தார். அவர் கை சில்லுன்னு இருந்துச்சு.

"முதல்ல ரேடியேஷன், அதான் கரண்ட் வைப்போம், கூடவே மாத்திரை. கட்டி சுருங்கினதும் ஆபரேஷன். ஆனா கட்டி ஆசனவாய்க்கு ரொம்ப கிட்ட இருக்கு. ஆசனவாயை விட்டுட்டு எடுத்தா நோய் திரும்பி வரும். அதனால மலம் வெளிய வர வயித்துல ஒரு வழி வச்சி பை மாட்டணும். கடைசி வரைக்கும் அது இருக்கும்."

கேன்சர்னு சொன்னப்போ கூட நான் அழல. பைன்னு சொன்னதும் கத்திட்டேன். "வேண்டாம் டாக்டர். நான் செத்துப்போறேன்."

தவக்காலம் முழுக்க கரண்ட் வச்சாங்க. தினமும் பஸ்ல சிதம்பரம் போய் வருவேன். ஜெபமாலை கையிலேயே இருக்கும். "மாதாவே, கட்டி கரைஞ்சிடணும், பை இல்லாம பண்ணும்மா." இது ஒண்ணைத்தான் கேட்டேன். திரும்ப ஸ்கேன் எடுத்தாங்க. கட்டி நல்லா சுருங்கியிருக்குன்னு டாக்டரம்மாவுக்கு சந்தோஷம். "அப்போ பை?"ன்னு கேட்டேன். அவுங்க தலையை ஆட்டுனாங்க. "இடம் மாறலையேம்மா."

வெளிய வந்து ஒரு தூண் பின்னாடி உக்காந்து வாய்விட்டு அழுதேன். சேவியர் டீ வாங்கப் போயிட்டார். அப்போ என் ஜெபம் மாறிப்போச்சு. "எனக்கு பயமா இருக்கு, யாரையாவது அனுப்பும்மா" அவ்ளோதான்.

"என்னா மேரி, இங்க என்னா பண்ற?"

நிமிந்து பாத்தா கஸ்தூரி அக்கா. எங்க தெருவுக்கு மீன் கொண்டாறவுங்க. எப்பவும் தலையில அன்னக்கூடை, தெருக்கோடி வரைக்கும் கேக்குற குரல். அவுங்ககிட்ட பேரம் பேசி ஜெயிச்சவங்க யாரும் கிடையாது. நான் அழுதுகிட்டே எல்லாத்தையும் சொன்னேன். அவுங்க என் கையைப் புடிச்சி லேடீஸ் பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போய், கதவைச் சாத்தி, முந்தானையை ஒதுக்கிக் காட்டுனாங்க.

வயித்துல பை.

"எப்பத்துலேர்ந்துக்கா?"

"உன்கிட்ட மீன் விக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. அதுக்கு செக்கப்புக்குத்தான் இன்னிக்கு வந்தேன். இதை வச்சிக்கிட்டுத்தான் கூடை தூக்குறேன், பஸ்ல சண்டை போடுறேன், பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணேன். உனக்குத் தெரிஞ்சிதா?"

தெரியலியே! இத்தினி வருஷம் பக்கத்துல நின்னு மீன் வாங்குனேனே, எனக்குத் தெரியலியே!

"எங்க அங்காளம்மா எனக்கு உசுரு குடுத்தா. உங்க மாதா உனக்குக் குடுக்கிறா. வாங்கிக்கோ."

நான் கேட்ட வார்த்தை வாயில காயலை, அதுக்குள்ள ஆள் வந்து நிக்குது. வேற சாமி கும்புடுறவுங்க வாயாலயே மாதா பேசுனாங்கன்னு நான் நம்புறேன்.

உள்ள போய் டாக்டரம்மாகிட்ட ஆபரேஷனுக்கு சரின்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் டாக்டரம்மா சொன்னது எல்லாத்தையும் ஜெபம் மாதிரியே செஞ்சேன். ரத்தம் ஏறுறதுக்கு ஊசி போட்டுக்கிட்டேன். தினமும் நடந்தேன். மூச்சு இழுத்துப் பழகுனேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் என்னை உக்காரவச்சி, நிக்கவச்சி, குனியச் சொல்லி, "புடவை எங்க கட்டுவீங்க?"ன்னு கேட்டு, கொசுவம் மேல படாத இடமா பாத்து, பை வர்ற இடத்துக்கு பேனாவால வட்டம் போட்டாங்க. நான் திரும்பக் கடையில நிப்பேன்னு அவுங்க நம்புறாங்கன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சுது.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே எழுப்பி நடக்கவச்சிட்டாங்க. வலியில உயிர் போச்சு. முதல் தடவை பை நிறைஞ்சப்போ நான் முகத்தை மூடிக்கிட்டேன். நர்ஸ் கை தட்டுறாங்க! "குடல் வேலை செய்யுதுக்கா!" வீட்டுக்கு வந்த புதுசுல சேவியர்தான் பை மாத்துவார். ஒரு நாளும் மூக்கைச் சுளிக்கல.

எடுத்த சதையோட ரிப்போர்ட் வந்துச்சு. ஓரத்துல எங்கேயும் நோய் இல்ல. சுத்தமா எடுத்தாச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மயங்கி விழுந்த எனக்கு இப்படி ஒரு வார்த்தையா? நம்ப முடியாம சேவியரைப் பாத்தேன். அவர் அங்கேயே முட்டி போட்டுட்டார்.

ஆபரேஷனுக்கப்புறம் முதல் ஞாயிறு கோயிலுக்கு வந்தப்போ, நடுப்பூசையில எல்லாரும் அமைதியா இருக்கிற நேரம் பார்த்து பை கர்ருன்னு சத்தம் போட்டுச்சு. நான் அப்படியே உறைஞ்சிபோனேன். பக்கத்துல இருந்த ஒரு அம்மா, "என்னம்மா, காலையில சாப்புடலியா?"ன்னு காதுல கேட்டாங்க. எனக்கு சிரிப்பு அடக்க முடியல.

இப்பவும் செக்கப்புக்குப் போறேன். இனிமே வரவே வராதுன்னு யாரும் எனக்கு எழுதிக் குடுக்கல. ஆனா இன்னிக்கு உயிரோட இருக்கேன், புடவை விரிச்சிப் போட்டு விக்கிறேன். சிதம்பரத்துல யாராவது பைக்கு பயந்து அழுதா, டாக்டரம்மா எனக்கு போன் பண்றாங்க. நானும் கஸ்தூரி அக்காவும் போறோம்.

உங்கள்ல யாருக்காவது ரத்தம் போனா வெக்கப்படாதீங்க, மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. நாளைக்கே போய் காட்டுங்க. பயமா இருந்தா மாதாகிட்ட சொல்லுங்க. அவுங்க யாரை அனுப்புவாங்கன்னு மட்டும் நீங்க முன்கூட்டியே முடிவு பண்ணிடாதீங்க. வந்து நிக்கிறவங்க கையைப் புடிச்சிக்கோங்க.