முற்பணம் கட்டிய கட்டில்

சிலாவத்துறையில் எங்கள் கடையில் வலை, நூல், மிதவை, தூண்டில் எல்லாம் கிடைக்கும். சும்மா மட்டும் ஒன்றும் கிடைக்காது. விலை இல்லாத சாமானில் தரம் இருக்காது என்பது என் கணவரின் கொள்கை. அரசாங்க ஆஸ்பத்திரியையும் அவர் அந்தத் தராசில்தான் வைத்திருந்தார். "காசு வாங்காதவன் ஏன் கவனமாப் பாக்கப் போறான்?" என்று கேட்பார். நம் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதானே பிறந்தார்கள் என்று நான் சொன்னால், "அது உன்ர கெட்டித்தனம்" என்று முடித்துவிடுவார்.

போன வருடம் ஒரு வலைச் சிப்பத்தைத் தனியே தூக்கினவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். தொடை இடுக்கில் ஒரு முண்டு புறப்பட்டிருந்தது. "வாயு" என்றார். இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்தார். நின்றால் வெளியே வருவதும் படுத்தால் உள்ளே போவதுமாக அந்த வாயு அவரோடு ஒளித்துப் பிடித்து விளையாடியது. ஒருநாள் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எழும்ப முடியாமல் போன பிறகுதான் டொக்டரிடம் வரச் சம்மதித்தார். அதுவும் மன்னார் டவுனில், பின்னேரங்களில் காசு கட்டிப் பார்க்கிற இடத்துக்கு.

டொக்டர் இளம் ஆள். முண்டை அழுத்திப் பார்த்தார்.

"குடலிறக்கம், ஐயா. வெட்டித் தைக்க வேணும். நாளைக்குக் காலமை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ, திகதி போட்டுத் தாறன்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அரசாங்க ஆஸ்பத்திரிதான். நான் அங்கதானே வேலை."

"அப்ப அங்க வெட்டுறதும் நீங்கள்தானோ?"

"ஓம். இதே கைதான்," என்று டொக்டர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

என் கணவர் அந்தக் கைகளைச் சந்தேகமாகப் பார்த்தார். வெளியே வந்ததும், "கொழும்புக்குப் போவம். அங்க காசு கட்டி வெட்டுவம்" என்றார்.

கொழும்புக்கு வான் ஒழுங்குபண்ணியிருந்த அன்று காலை முண்டு உள்ளே போக மறுத்துவிட்டது. கல்லாக இறுகிக் கிடந்தது. அவருக்கு வியர்த்து ஊற்றியது, வாந்தி வேறு. நான் அம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்தேன்.

"வான் வருகுது... கொழும்பு..." என்று முனகினார்.

"இப்ப வெளிக்கிட்டா உசிரில்லாம, மையத்தாத்தான் போய்ச் சேருவீங்கள். பேசாமக் கிடவுங்கோ."

அம்புலன்ஸில் ஏற்றும்போதும் டிரைவரிடம், "எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தியது.

ஒப்பரேஷன் அறை வாசலில் அதே டொக்டர் நின்றார். என் கணவர் அவருடைய கையை எட்டிப் பிடித்தார். "டொக்டர், நல்ல மருந்தாப் பாத்துப் போடுங்கோ. எவ்வளவு எண்டாலும் தாறன்."

"இஞ்ச நல்ல மருந்து, மலிவு மருந்து எண்டு ரெண்டு இல்லை, ஐயா. ஒண்டுதான். சில நாளைக்கு அதுவும் இல்லை. இண்டைக்கு இருக்குது, பயப்பிடாதேங்கோ."

சிக்கின குடல் அழுகிக் கறுக்க முன்னே வந்து சேர்ந்ததால் தப்பினார்.

வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இலுப்பைக்கடவைக் கமக்காரர் ஒருவர் இருந்தார். வயலில் புடையன் பாம்பு கடித்து, உயிர் பிழைத்து, கடிபட்ட காலின் புண் ஆறுவதற்காகப் படுத்திருந்தார். பார்வை நேரத்தில் எங்கள் மீன் குழம்பு அந்தப் பக்கம் போகும், அவருடைய மனைவி கொண்டுவந்த தயிர் இந்தப் பக்கம் வரும். கண் விழித்துத் தெளிந்ததும் என் கணவருக்கு வியாபாரப் புத்தியும் விழித்துக்கொண்டது.

"பாம்பு மருந்துக்கு எவ்வளவு முடிஞ்சுது?"

"தெரியாது நானா," என்று அண்ணன் முறை வைத்தார் கமக்காரர். "நான் மயங்கிக் கிடந்தன். போத்தில் போத்திலா ஏத்தினவையாம். ஒருத்தரும் விலை சொல்லேல்லை. இவளும் கேக்கேல்லை."

"கேட்டிருந்தா?"

கமக்காரரின் மனைவிதான் பதில் சொன்னார். "கேட்டிருந்தா நான் வயலை விக்க ஆள் தேடிப் போயிருப்பன். நான் திரும்பி வரேக்க இவர் இருந்திருக்க மாட்டார்."

விடாமல் என் கணவர் தாதி மிஸ்ஸியைக் கூப்பிட்டு அந்த மருந்தின் விலையைக் கேட்டார். மிஸ்ஸி பெரிய தொகை ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பேரம் பேசுவதில் என் கணவரை வெல்ல எங்கள் கரையில் ஆளில்லை. ஆனால் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கும்போது யாரிடம், எந்த வாயால் பேரம் பேசுவது?

பிறகு என்னிடம் மெதுவாக, "எல்லாருக்கும் இப்பிடிச் சும்மா குடுத்தா அரசாங்கம் எப்பிடித் தாங்கும்?" என்றார்.

"ஆர் சும்மா குடுத்தது? சீனி வாங்கேக்க வரி. நூல் வாங்கேக்க வரி. ஃபோனுக்குக் காசு போடேக்கயும் வரி. உங்கட வாப்பாவும் கட்டினவர், நீங்களும் கட்டுறீங்கள், வயல் செய்யிற இவையும் கட்டுகினம். இது முற்பணம் கட்டின சாமான். நீங்கள் இப்பதான் எடுக்க வந்திருக்கிறீங்கள்."

"முற்பணம்," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வியாபாரச் சொல் என்றால் அவருக்குச் சட்டென்று ஏறும்.

ஏறினதுதான் வில்லங்கம். அந்த நிமிடத்திலிருந்து வார்ட் அவருடைய சொத்தாகிவிட்டது. மூலையில் ஒரு மின்விசிறி சுற்றவில்லை என்று மிஸ்ஸியை மறித்துக் கேட்டார். விழாத கழிவறைத் தாழ்ப்பாளுக்கும் நியாயம் கேட்டார். அடுத்த நாள் ஒரு மருந்து முடிந்துபோய், வெளியே வாங்கிவரச் சொன்னபோது எரிந்து விழுந்தார். முன்பு காசு கட்டத் துடித்த அதே மனிதர்!

நான் வெளியே போய் வாங்கிவந்தேன். கமக்காரருக்கும் அதே மருந்துதான் எழுதி, மனைவியின் கையில் துண்டைக் கொடுத்திருந்தார்கள். "நாளைக்கு வருமாம்" என்று சொல்லி, அவர் அதை மடித்து வைத்துக்கொண்டார். எங்களுடையதில் பாதியைக் கொடுக்கப் போனேன். அவர் கூச்சப்பட்டு மறுத்துவிட்டார். அடுத்த நாள் மருந்து வந்தது உண்மைதான். ஆனால் என்னிடம் காசு இருந்ததால் எங்கள் கட்டிலுக்கு ஒரு நாள் முந்திக் கிடைத்தது. அந்த ஒரு நாள் வித்தியாசமும் இல்லாமல் இருந்தால்தான் எல்லாரும் கட்டின முற்பணத்துக்கு அது உத்தரவாதம் என்று எனக்குப் பட்டது. என் கணவர் எரிந்து விழுந்ததில் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு தையலைக் காட்ட அதே ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் போனோம். நீட்டு வாங்குப் பலகையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் நேரே டொக்டரின் அறைக் கதவுக்குப் போனார்.

"தம்பி, லைன் பின்னால இருந்து வருகுது," என்றார் என் கணவர்.

"நான் அவசரமாக் கந்தோர் வேலைக்குப் போக வேணும்."

"நானும் கடை துறக்க வேணும். வாங்கோ, எனக்குப் பக்கத்தில இடமிருக்கு. இருங்கோ."

அவர் வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தார். அவருடைய முறை வரும்வரை என் கணவர், தன் குடல் எந்த வழியால் இறங்கியது, எங்கே சிக்கியது, டொக்டர் எப்படி உள்ளே தள்ளினார் என்பதையெல்லாம் கையால் காட்டிக் காட்டி விளக்கினார். அந்தச் சட்டைக்காரர் பாவம், கடைசியில் உள்ளே போகும்போது தன்னுடைய அடிவயிற்றையும் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.