நான் எழுதிய விசாரணைக் குறிப்பு

முதுகலையில் நான் எடுத்த பாடம் தொழில் உறவுகள். வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் நடுவில் உள்ள சட்டம், பேச்சுவார்த்தை, தகராறு எல்லாம் அதில் வரும். என் அம்மாவும் அப்பாவும் மானாம்பதியில் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். சென்னையில் வகுப்புத் தோழர்கள் மதியச் சாப்பாட்டின்போது எந்தக் கம்பெனியில் மனிதவள அதிகாரியாகச் சேரலாம் என்று பேசுவார்கள். யாரும் என்னை ஒதுக்கவில்லை. எனக்குத்தான் பேச ஒன்றும் வரவில்லை. டப்பாவைக் கழுவும் சாக்கில் எழுந்துவிடுவேன்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு மாதப் பயிற்சி. உத்திரமேரூரில் கம்பெனி பஸ் ஏறினால் முக்கால்வாசி எங்கள் பக்கத்துப் பெண்கள்தான். எங்கள் தெரு அக்கா ஒருத்தி அங்கே ஒயர் கட்டும் லைனில் வேலை செய்தாள். தினமும் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பாள்.

"இன்னா படிப்பு பாப்பா அது?" என்று ஒருநாள் கேட்டாள். சொன்னேன். "அப்போ எங்களப் பத்திதான் படிச்சிக்கினு கீற!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். அந்த ஒரு மாதம் என்னிடம் பேச ஆள் இருந்தது.

அடுத்த மாதம் அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அனுமதி இல்லாமல் லைனை விட்டுப் போனாள் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருந்தார். விசாரித்த மனிதவள அதிகாரி என்னைக் குறிப்பெடுக்கச் சொல்லித் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டார். உள்ளே வந்த அக்கா என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தாள்.

"வவுத்து வலி சார். பாத்ரூமுக்குத்தான் போனேன். சொல்லிட்டுப் போவ ஆளு இல்ல," என்றாள். எழுதினேன். அதிகாரி கேட்டார், அவள் சொன்னாள், நான் எழுதினேன். விசாரணைக்கு வரும் தொழிலாளி தனக்குத் துணையாக உடன் வேலை செய்யும் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளலாம். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். இப்போது சொல்லலாம், அடுத்த கேள்வி முடிந்ததும் சொல்லலாம் என்றே இருந்தேன். அதிகாரி நான் எழுதிய தாளை அவள் பக்கம் நகர்த்தினார். எழுதியது நான் என்பதாலோ என்னவோ, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

நான்கு நாள் சஸ்பெண்ட். மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் ஏறியதும் பேச்சு நின்றது. டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"க்கா, அன்னிக்கு ஒன்கூட ஒருத்தர இட்டுக்கினு வந்திருக்கலாம். அப்படி சட்டம் கீது."

பிழிந்த புடவையை உதறிக் கொடியில் போட்டாள். "அப்பவே தெரியுமா ஒனுக்கு?"

"தெரியும்."

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பயந்துட்ட. சரி, வுடு," என்றவள், அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை அதிகாரியிடம் போய், விசாரணை நடந்த முறை தவறு என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். அதன்பின் என்னை எந்த விசாரணைக்கும் கூப்பிடவில்லை. மிச்சமிருந்த நாட்களில் பழைய வருகைப் பதிவேடுகளை அடுக்கும் அறையில் தனியாக இருந்தேன். மதியம் அங்கேயே சாப்பிட்டேன்.

பட்டம் வாங்கிவிட்டேன். இப்போது காஞ்சிபுரத்தில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரிடம் வேலை செய்கிறேன். அக்கா வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "அம்மா நல்லா கீறாங்களா?" என்று கேட்கிறாள். நல்லா இருக்காங்க என்கிறேன். அவளுடைய பஸ் முதலில் வந்துவிடும்.