மவுத் ஆர்கனின் அடிக்குரல்

என் மனைவிக்கு வங்கியில் பதவி உயர்வு வந்து திருச்சிக்கு மாற்றல் ஆனபோது, "தாராளமா போ, என்னை நான் பாத்துக்குவேன்" என்று சொன்னவன் நான்தான். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஐந்து வயது மகளும் அம்மாவோடு போனாள். நான் மைசூரில், விஜயநகரில் ஒரு மாடி வீட்டில் தனியாகத் தங்கி, தினமும் நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைக்குப் போய் வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெரிய மனிதன்போலப் பேசிய வாய்க்கு இரண்டே மாதத்தில் பேச்சுத் துணை இல்லாமல் போயிற்று. சில விடுமுறை நாட்களில் காலையில் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அப்போது எங்கள் தொழிற்சாலையில் புது இயந்திரம் ஒன்றை நிறுவ ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் வந்தார். என் வயதுதான் இருக்கும். சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பார். அந்த வாத்தியம் எனக்கும் தெரியும். கல்லூரியில் சினிமாப் பாட்டு வாசித்துக் கைத்தட்டல் வாங்கியவன் நான். ஆனால் அவர் வாசித்தது வேறு ரகம். ப்ளூஸ் என்றார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் துக்கத்தைப் பாடிப் பாடி உண்டாக்கிய சங்கீதமாம். கையில் இருந்தது பத்தே துளைகள் உள்ள சின்னப் பெட்டி. வழக்கமானதைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி வைத்தது, 'லோ டி' என்று பெயர். அந்தச் சத்தம் என் காலடித் தரை வழியாக ஏறி வந்தது. கேட்கக் கேட்க என் மாடி வீடும், கழுவிக் கவிழ்த்த ஒரே தட்டும் ஒரே டம்ளரும் கண்முன் வந்தன. இதைத்தான் நான் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. 'பாத்துக்குவேன்' என்று சொல்லிவிட்டு, பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்த மனிதர் ஊர் திரும்பும்போது லோ டியையும் ஒரு கேசட்டையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் நாளே மூக்கு உடைந்தது. பழைய பழக்கத்தில் ஓங்கி ஊதினேன். காற்று மட்டும் புஸ்ஸென்று போயிற்று. ப்ளூஸில் முக்கால்வாசி ஸ்வரங்கள் மூச்சை உள்ளே இழுப்பதில்தான் இருக்கின்றன. இரண்டாம் துளையை இழுத்தால் வரும் ஸ்வரம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். எனக்கு அது கொசு ரீங்காரமாக வரும், அல்லது வராமலே அடைத்துக்கொள்ளும். நான் மெயின்டனன்ஸ்காரன். ஒன்று வேலை செய்யவில்லை என்றால் அதைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன். மூன்று முறை திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பழுது என்னிடம்தான் என்று ஒப்புக்கொள்ள ஒரு மாதம் பிடித்தது.

கீழ்ச் சுருதிக்கான நாக்குகள் கனமானவை, அசைய நேரம் கேட்பவை. அவசரப்படுத்தினால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். நானோ கீழ் வீட்டுக்காரருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, பீரோவைப் பார்த்து உட்கார்ந்து, தொண்டையை இறுக்கிக்கொண்டு வாசித்தேன். ஒருநாள் வேலை முடிந்து வந்த அலுப்பில், வாத்தியம் வாயில் இருக்கும்போதே கொட்டாவி வந்தது. தாடை இறங்கியது, நாக்கு படிந்தது, மூச்சு வயிறுவரை போயிற்று. அந்த இரண்டாம் துளை முதல் தடவையாக வாயைத் திறந்து பேசியது. நான் பயந்துபோய் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அதன் பிறகு கொட்டாவியைத்தான் பழகினேன். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் தடித்த மெஷின் மேனுவலை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே மெல்ல மூச்சை இழுப்பேன். பலத்தைக் குறைக்கக் குறைக்கச் சத்தம் பெருத்தது. சில நாட்களில் வாசிப்பின் நடுவே காரணமில்லாமல் அழுகை வந்தது. காரணம் இருந்தது, இல்லை என்று சும்மா சொல்கிறேன்.

ஒருநாள் காலை கீழ் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற மனிதர், படிக்கட்டில் என்னை மறித்தார். கன்னடக்காரர், என்னோடு மட்டும் தமிழ்.

"ஏன் சார், மேலே எம்மெ ஏதாவது கட்டிருக்கீங்களா? எருமை சார், எருமை! நம்ம மனெ ஜன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்குது."

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன் நான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார். நஞ்சன்கூடு போகும்வரை பஸ்ஸில் எனக்குள் சிரித்துக்கொண்டே போனேன்.

அந்த மாதம்தான் மனைவிக்குத் திருச்சியில் மூன்று வருடம் முடிந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் கூப்பிடுவது வழக்கம்.

"மைசூரு கேட்டு எழுதலாம், இல்லைன்னா இங்கயே இன்னும் மூணு வருஷம் கேக்கலாம். என்னங்க எழுதட்டும்?" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

"சரி, யோசிக்கிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள்ள கொடுக்கணும்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு லோ டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூத்துக்குப் போனேன். "ஒண்ணு வாசிக்கிறேன், கேளு" என்று மட்டும் சொல்லி, ரிசீவரை டெலிபோன் பெட்டியின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் சத்தம் நிறைந்து என் விலா எலும்பில் வந்து மோதியது. அதுவரை அப்படி எனக்கு வந்ததில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. வா என்று எத்தனை விதமாகக் கூப்பிட முடியுமோ அத்தனை விதமாகவும் கூப்பிட்டேன். முடிந்ததும் ரிசீவரை எடுத்தேன்.

அங்கே மகள் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, திருவிழாவுல விக்கிற பீப்பீ மாதிரி கீச்சு கீச்சுன்னு! ஜோரா இருக்கு" என்றாள் மனைவி. அவள் குரலில் பெரிய நிம்மதி. "நீங்க அங்க ஒண்டியா கெடந்து தவிக்கிறீங்களோன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நல்லாத்தான் பொழுது போகுதுபோல இருக்கே! அப்ப இங்கயே எழுதிக் கொடுத்துடறேன். அம்மாவும் பக்கத்துல இருக்காங்க, பாப்பாவுக்கும் ஸ்கூல் பிடிச்சுப்போச்சு."

"ம். சரி."

மறுநாள் தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் பிரிவு நண்பரிடம் இதை வேடிக்கைபோலச் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "போன்ல கனத்த அடிக்குரல் எல்லாம் போகாதுப்பா. வடிகட்டிடும். பேச்சு புரிஞ்சாப் போதும்னுதான் அதைச் செஞ்சிருக்கான்" என்றார்.

பேச்சு போயிருக்கும். 'எனக்கு முடியலம்மா, வந்துடு' என்பது திருச்சிவரை தெளிவாகவே போயிருக்கும். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பூத் காலை எட்டு மணிக்கெல்லாம் திறந்துவிடும். மூன்று நாளும் வேலை விட்டு வந்ததும் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.