சின்னவள் வரைந்த தெரு

பெரியவளுக்குப் பென்சில் பிடிக்க எவரும் கற்றுத்தரவில்லை. சின்னவளுக்குக் கற்றுத்தந்தவள் பெரியவள். பின்னாளில் பெரியவளின் வயிற்றை எரித்த செய்தி முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

இருவரும் அக்காள் தங்கை பிள்ளைகள். ஒரே கட்டடத்தில் மாடியில் பெரியவள் வீடு. கீழே அவளுடைய சித்தி வீடு. உறவினர்கள் பெயர் சொல்லி அழைக்கும் சிரமத்தை மேற்கொள்ளாமல், வயதை வைத்து ஒருத்தியைப் பெரியவள் என்றும் மற்றவளைச் சின்னவள் என்றும் அழைத்துப் பழகிவிட்டனர். ஓவியக் கல்லூரியிலும் இருவரும் முன்பின்னாகப் படித்தனர்.

பெரியவளின் ஆசை எளியது. வீடியோ கேம் உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் அவள் பின்னணி ஓவியராக வேண்டும். வீரன் ஓடுவதையும் தாவுவதையும் வாள் வீசுவதையும் பிறர் வரைந்துகொள்ளட்டும். அவன் ஓடுகிற தெருவையும், அத்தெருவில் காயும் துணியையும், சாயம் வெளுத்த ஜன்னலையும் அவள் வரைய வேண்டும். அதற்காக அனுப்பிய விண்ணப்பங்கள் கிணற்றில் போட்ட கல்லாயின. இடைப்பட்ட காலத்தில் கைக்கு வந்த வேலைகளையெல்லாம் அவள் செய்தாள்.

முதலில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. பழைய படங்களைக் கணினியில் திருத்தித்தருவது வேலை.

"இந்தப் படத்துல மாமா கண்ணை மூடிட்டாரு. தெறந்து விடும்மா" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அவர் கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே, சார்."

"பக்கத்துல அத்தை நிக்கறாங்கல்ல, அவங்க கண்ணை எடுத்து வை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்காங்க, ரெண்டு பேருக்கும் ஒரே பார்வையாத்தான் இருக்கும்."

அடுத்து, பல் மருத்துவமனைச் சுவரில் சிரிக்கும் பல் ஒன்றை வரைந்தாள். மருத்துவர் அதை இருமுறை அழிக்கச் சொன்னார். "பல்லு சந்தோஷமா இருக்கணும்மா. ஆனா ரொம்பச் சந்தோஷமா இருந்தா எங்கிட்ட எதுக்கு வரப்போறாங்க?" என்பது அவருடைய கவலை. மழலையர் பள்ளிக்கு யானைகள் வரைந்தாள். கடைசியாக ஒரு சோப்பு நிறுவனத்துக்காக, பஞ்சு திணித்த நுரை உடையை அணிந்துகொண்டு பல்பொருள் அங்காடியின் வாசலில் கையசைத்து நின்றாள்.

அந்த நுரைக்குள் நின்றிருந்தபோதுதான் சின்னவளின் அழைப்பு வந்தது.

"அக்கா, எனக்கு வேலை கெடச்சிருச்சு. கேம் கம்பெனியில. பின்னணி ஓவியர்."

"சந்தோஷம்டி" என்றாள் பெரியவள். முகத்தை மறைத்திருந்த பஞ்சுக்கு அவள் வாழ்நாளில் முதன்முறையாக நன்றி சொன்னாள்.

வீட்டில் அம்மா வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். "நீ கத்துக்குடுத்த பொண்ணு! உனக்குத்தான் பெருமை."

"ஆமா. பெருமை தாங்கல" என்று அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சில மாதங்கள் சென்றன. ஒருநாள் சின்னவள் படியேறி வந்து, தன் நிறுவனத்தில் சோதனைப் பிரிவுக்குத் தற்காலிகமாக ஆள் எடுப்பதாகச் சொன்னாள். "விளையாடிப் பார்த்துத் தப்பு இருந்தா எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான்கா. இந்த கேம் முடிஞ்சதும் ஓவியப் பிரிவுல ஒரு இடம் காலியாகுது. உள்ள இருக்கிறவங்க படத்தைத்தான் முதல்ல பார்ப்பாங்களாம். நான் சொல்லி வச்சிருக்கேன்."

'நான் சொல்லி வச்சிருக்கேன்' என்னும் சொற்கள் பெரியவளின் காதுக்குள் கொதிக்கும் எண்ணெயாக இறங்கின. ஆயினும் அந்த ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. மறுவாரமே சேர்ந்தாள்.

விளையாட்டுச் சோதனை என்றால் விளையாடுவது என்று எண்ணுவோர் அந்த அறைக்குள் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பொட்டலம் சுமக்கும் சிறுமி ஒருத்தி மதில் சூழ்ந்த நகரத்தில் வீடு வீடாகப் போய்ப் பொருள் சேர்ப்பதே அந்த விளையாட்டு. சோதிப்பவர் அச்சிறுமியை ஒவ்வொரு சுவரிலும் மோதவிட வேண்டும். சுவரைத் தொட்டபடியே அங்குலம் அங்குலமாக நடத்திச் செல்ல வேண்டும். எங்கேனும் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருந்தால் சிறுமி அதன் வழியே உலகத்துக்கு வெளியே விழுந்துவிடுவாள். அதைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். பிரிவில் இதற்குச் 'சுவர் உரசுவது' என்று பெயர். "காலையில உரச ஆரம்பிச்சா சாயங்காலம் உனக்கே தோள்பட்டை வலிக்கும்" என்றார் சோதனைப் பிரிவின் தலைவர். அவர் சொன்னது உண்மையாயிற்று.

நகரத்தின் நான்கு பகுதிகளும் அவள் பொறுப்பு. அவற்றுள் கால்வாய்த் தெரு சின்னவள் வரைந்தது. முதல்முறை அத்தெருவுக்குள் சிறுமியை நடத்திச் சென்றபோது பெரியவள் சிறுமியை இயக்கும் கைவிசையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஈரம் ஏறிய சுவர்கள். தண்ணீரில் நடுங்கும் வெளிச்சம். யாரோ இப்போதுதான் உள்ளே போயிருப்பார்கள் என எண்ணவைக்கும் வாசல்கள். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

அன்று முதல் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அத்தெருவில் குற்றம் தேடினாள். திறந்திருக்கும் ஜன்னல் தண்ணீரில் விழுந்த பிம்பத்தில் மூடியிருந்தது: எழுதினாள். கொடித்துணியின் நிழல் ஒருபக்கமும் கம்பத்தின் நிழல் மறுபக்கமும் விழுந்தன: எழுதினாள். படகைக் கட்டிய கயிறு எந்த முளையிலும் கட்டப்படாமல் சுவருக்குள் மறைந்தது: அதை எழுதும்போது மனத்துக்குள் விசிலடித்தாள். பிற மூன்று பகுதிகளுக்கும் அவள் போகாமல் இல்லை. விருந்தாளியைப்போல் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். சந்தைப் பகுதியின் வடக்குச் சுவரை உரசவே இல்லை.

மதிய உணவின்போது சின்னவள் தட்டுடன் எதிரே வந்து அமர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, இன்னைக்கும் எனக்கே இவ்வளவு வந்திருக்கு. மத்தவங்களுக்கு ஒண்ணு ரெண்டுதான்."

"தப்பு இருந்தா எழுதத்தானே சம்பளம் தர்றாங்க?"

"தப்புதான். இல்லைன்னு சொல்லலை" என்ற சின்னவள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நீ எரிச்சல்லதான் எழுதறேன்னு தெரியுதுக்கா. ஆனா ஒண்ணுகூட நீ பொய்யா எழுதலை. அதனாலதான் ஒவ்வொண்ணையும் திருத்தறேன்."

பெரியவள் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனாள்.

விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தார் பார்வையிட வந்தனர். அனைவரும் பெரிய திரையின் முன் கூடினர். கால்வாய்த் தெருவுக்குள் சிறுமி நுழைந்தபோது அனைவரும் திரையை நோக்கி ஓர் அடி நகர்ந்தனர். ஜன்னல்கள் தண்ணீரில் உள்ளவாறே தெரிந்தன. நிழல்கள் ஒருமித்து விழுந்தன. படகு முளையில் கட்டப்பட்டு அசைந்தது. "இதையே அட்டைப்படமா போட்டுடலாம்" என்றார் வந்தவர்களுள் மூத்தவர். தான் குற்றம் பார்க்கப் பார்க்க அத்தெரு மெருகேறியிருப்பதைப் பெரியவள் அப்போதுதான் கண்டாள். அவளுடைய வயிற்றெரிச்சலே அதற்கு வண்ணப்பூச்சாக வாய்த்திருந்தது.

அடுத்து, சிறுமி சந்தைக்குள் நுழைந்தாள். வடக்குச் சுவரோரமாக நடந்தவள் திடீரென்று சுவருக்குள் புகுந்து, வெள்ளை வெறுமைக்குள் பொட்டலத்தோடு விழுந்துகொண்டே போனாள்.

வந்தவர்கள் சென்றபின் சோதனைத் தலைவர் கேட்டார்: "வடக்குச் சுவரை யார் உரசினது?"

"யாரும் உரசலை, சார். நான்தான் உரசியிருக்கணும்."

"ஏன் உரசலை?"

"கால்வாய்த் தெருவுலயே இருந்துட்டேன்."

"அப்படி என்ன அங்க?"

"பொறாமை, சார்" என்றாள் பெரியவள்.

அறை முழுவதும் சிரித்தது. இவ்வளவு நாளில் அவள் சொன்ன முதல் நகைச்சுவை என்று எண்ணிவிட்டார்கள். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. ஓவியப் பிரிவின் தலைவியும் சிரிக்கவில்லை. தன் அறைக்கு வருமாறு பெரியவளை அழைத்தாள்.

அந்த அம்மையார் சுற்றி வளைக்கவில்லை. "உன் படங்களைப் பார்த்தேன். பல்லு, யானை, ஒட்டுப் போட்ட போட்டோ. கை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு தெருகூட இல்லையே. அந்த இடத்தை எப்படிக் குடுக்கறது? சோதனையிலயே இரு. அடுத்த கேம்ல உன் தங்கச்சி பக்கத்துல உக்காந்து, அவ வரைய வரையத் தப்புச் சொல்லு. சம்பளம் கூட்டித் தரச் சொல்றேன்."

பொறாமைப்படுவதற்கே சம்பளம், அதுவும் கூடுதலாக. பெரியவள் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஓர் இடம் கைநழுவுவதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்ததால், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையின் தோளுக்குப் பின்னால் ஓர் ஆயுள் முழுவதும் நிற்கும் தன் உருவம் கண்முன் வந்தது.

"ஒரு தெரு வரைஞ்சு தரேன், மேடம். அதை அவ உரசட்டும். ஓட்டையா இருந்தா நீங்க சொன்ன வேலைக்கே வந்துடறேன்."

"அவ ஓவியர். சுவர் உரச ஏன் வருவா?"

"வருவா. அவளுக்கும் எங்கிட்ட கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கு."

அம்மையார் முதன்முறையாகப் புன்னகைத்து, ஒரு மாதம் தவணை கொடுத்தாள். இடத்தை அதுவரை நிரப்புவதில்லை என்றும் ஒப்புக்கொண்டாள்.

பெரியவள் மலைச்சரிவில் ஏறும் ஒரு தெருவை வரைந்து, சிறுமி நடக்கும்படி விளையாட்டில் ஏற்றினாள். தவணை முடியும் நாளில் சின்னவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, கைவிசையை எடுத்து, இரக்கமே இல்லாமல் உரசத் தொடங்கினாள். அருகில் நின்ற பெரியவளுக்கு, தன் விலா எலும்பை யாரோ உரசுவதுபோல் இருந்தது. பாதித் தெரு கடந்தபின் சிறுமி நின்றாள்.

"அக்கா, இந்த மாடிப்படி எங்கயும் போகலையே."

"அது அப்படித்தான்டி. யாரோ வீடு கட்டிப் பாதியில நிறுத்திட்டாங்க."

"அப்படின்னா கீழ மணல் கொட்டிக் கெடக்கணுமே. மழையில கரைஞ்சு, புல்லு மொளைச்ச மணல்."

ஆம், கிடக்க வேண்டும். ஒரு கைப்பிடி மணல் போதும். அந்தப் படிக்கட்டுக்கு ஒரு கதை வந்துவிடும். தனக்குத் தோன்றாதது இவளுக்கு எப்படித் தோன்றியது என்று பெரியவளின் அடிவயிறு பற்றியெரிந்தது. அவள் கணினியில் வரையும் பேனாவை எடுத்துக்கொண்டு, "தள்ளி உக்காரு" என்று தங்கையை முழங்கையால் இடித்து, பாதி நாற்காலியில் அமர்ந்து, எரிச்சலோடு எரிச்சலாக மணலை வரையத் தொடங்கினாள்.