ஆட்காட்டிக்கு இரண்டு குரல்

அண்ணன் வீட்டை விட்டுப் போனது எழுபதுகளில் ஒரு கோடையில். ஏதோ வாய்ச்சண்டையில் அப்பா கைநீட்டிவிட்டார். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே வற்றிக் கிடந்த ஏரியில் இறங்கி நடந்தவன் திரும்பவேயில்லை. அவன் போகப் போக ஒரு ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டே பின்னால் போனது. அதிலிருந்து, அந்தியில் ஏரிப்பக்கம் ஆட்காட்டி கத்தினால், அண்ணன் வருகிறான் என்று அம்மா அவனுக்குத் தட்டு வைத்துச் சோறு போடுவாள். அதை யாரும் தொடக்கூடாது. காலையில் கோழிக்குப் போகும்.

எனக்கு அப்போது பறவைப் பைத்தியம். ஸ்ரீபெரும்புதூரில் குமாஸ்தா வேலை. பழைய பைனாகுலர் ஒன்று வாங்கியிருந்தேன். அது கழுத்தில் தொங்கினால் எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்ற நினைப்பு வந்துவிடும். அம்மா ஏமாறுவது பொறுக்கவில்லை. அது தரையில் முட்டையிடுகிற பறவை, நாய் வந்தாலும் கத்தும் என்று பாடம் எடுத்தேன்.

"நாயிக்குக் கத்தறது வேற, ஆளுக்குக் கத்தறது வேற. எனக்குத் தெரியாதா இன்னா?" என்றாள்.

பார்த்துவிடலாம் என்று ஒரு சாயங்காலம் ஏரியின் எதிர்க்கரையில் வேலிகாத்தான் முட்புதர் மறைவில் உட்கார்ந்தேன். ஆட்காட்டி ஜோடி ஒன்று பைனாகுலரில் தெரிந்தது. அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே சிவப்புத் தோல், நீண்ட மஞ்சள் கால். ஒன்று ஏரியின் பொட்டல் தரையில் அடைகாத்தது, மற்றது காவல் நின்றது. ஒரு நாய் குறுக்கே போனது. காவல் நின்றது விட்டுவிட்டுக் கத்தியது, நாய் போனதும் அடங்கிவிட்டது. பிறகு வீட்டைப் பார்க்க நான் ஏரியில் இறங்கினேன். அவ்வளவுதான், தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து மூச்சுவிடாமல் அலறியது. ஏரியைத் தாண்டும்வரை விடவில்லை.

அம்மா சொன்னது சரிதான். அதைச் சொல்லத்தான் வேகவேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் சிம்னி விளக்கோடு நின்றிருந்தாள். ஒரு ஆளைத் துரத்திக்கொண்டு அந்தக் கத்தல் எங்கள் வீட்டைப் பார்த்தே வந்ததை அவள் கேட்டிருக்கிறாள். விளக்கை என் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"நீயாடா?" என்றாள்.

பெற்றவள் என்னைப் பார்த்து அப்படி ஒடிந்துபோனதை நான் மறக்கவில்லை. உள்ளே போய், அண்ணனுக்குப் போட்டிருந்த சோற்றை என் பக்கம் நகர்த்தினாள். காலையில் அதுவும் கோழிக்குத்தான் போனது.

அதன்பிறகு ஏரிக்குள் நான் கால் வைக்கவில்லை. ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே சில நாள் அது கத்தும். விட்டுவிட்டு இல்லை, மூச்சுவிடாமல். அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். நாய்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது.