எதிராளி எதை ஆடினாலும் சிசிலியன்

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த செஸ் முழுவதும் சித்தப்பாவின் செல்போனிலிருந்து வந்தது. திருக்கழுக்குன்றத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிய அவர், சவாரி இல்லாத நேரத்தில் வீடியோ பார்ப்பார். அப்படித்தான் சிசிலியன் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டார். கறுப்புக்காய் வந்தால், ஆட்டத்தைத் தொடங்கும்போதே ராணிக்குப் பக்கத்து மந்திரியின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். அவ்வளவுதான் சிசிலியன் என்று அடித்துச் சொன்னார்.

செங்கல்பட்டில் போட்டி. ஐந்து ஆட்டத்தில் ஒன்றாவது ஜெயித்தால்தான் செஸ், இல்லாவிட்டால் கணக்கு டியூஷன் என்று அப்பா சொல்லிவிட்டார். கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் தினமும் செஸ் ஆடுகிறவர் அவர். நான் வரிசையாக நான்கு ஆட்டத்தில் மண்ணைக் கவ்வினேன். ஐந்தாவதில் கறுப்புக்காய். எதிரில், கோச் வைத்துக் கற்ற கண்ணாடிப் பையன்.

"எவன் இன்னா ஆடனா இன்னா? நீ சிசிலியனையே வுடு பாப்பா" என்று சித்தப்பா முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார்.

பையன் ராணியின் முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தினான். நான் சித்தப்பா சொன்னதைத் தள்ளினேன். சட்டென்று வெட்டிவிட்டான். வீடியோவில் யாரும் இப்படி வெட்டவில்லையே! ஆனால் வெட்டிய அந்தச் சிப்பாயை இழக்க அவனுக்கு மனசில்லை. அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மற்றொன்று என்று முன்னால் தள்ளிக்கொண்டே போனான். நான் ராணியை வெளியே எடுத்தேன். மூலையில் அவன் யானை மறைப்பே இல்லாமல் நின்றது; வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஆட்டோ அப்பாவையும் ஏற்றிக்கொண்டு நேராக மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனது. "சிசிலியன்ல வுட்டா பாரு, பையன் காலி!" என்று பஜ்ஜிக்கடை அம்மாவிடம்கூடச் சித்தப்பா சொன்னார். நான் தலைகால் புரியாமல் குதித்தேன்.

ஆட்டத்தை எழுதிய தாளை அப்பா வாங்கிப் பார்த்தார்.

"இது எங்கடா சிசி…" என்று சித்தப்பாவிடம் ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "சூப்பர் சிசிலியன்மா. அடுத்த வருஷமும் ஆடு."

எதிராளி தன் ராஜாவின் முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்தினால்தான் அது சிசிலியன். நான் ஆடியது சிசிலியனே இல்லை. இது எனக்குத் தெரிய நான்கு வருடம் ஆயிற்று. அன்று கடற்கரையில் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர நின்றார். பஜ்ஜி காரம் போலிருக்கிறது என்று ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தேன்.