முதல் வெப்பமானியைக் கொண்டுவந்த ஐந்து பேர்

எங்கள் பெட்சபுரியில் கெட்டவர் யாரும் இதுவரை செத்ததில்லை. கோவில் மதிலை ஒட்டி அச்சகம் நடத்துகிறவள் சொல்கிறேன், நம்பலாம். தகனத்துக்கு வருகிறவர்கள் மரச்சீவலில் செய்த பூவைச் சிதையில் வைத்துவிட்டுப் படி இறங்கும்போது ஆளுக்கொரு நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்புவோம். முன்பக்கங்களில் இறந்தவருடைய வாழ்க்கை. பின்பக்கங்களில் உருப்படியாக ஏதாவது இருக்கும்: பெரும்பாலும் பிக்குவின் உரை, எப்போதாவது சமையல் குறிப்பு. அந்த முன்பக்கங்களை அடித்து அடித்தே என் தலை நரைத்தது. அவற்றில் குடிகாரன் கிடையாது, கஞ்சன் கிடையாது, பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்தவன் கிடையவே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் எல்லாம் வேறு ஊருக்குப் போய்ச் சாகிறார்கள் போலிருக்கிறது.

வாத்தியார் தவின், எங்கள் வழக்கில் ஆஜான் தவின், இந்த மலர்களை வைத்துத்தான் பெயர் வாங்கினார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் வரலாறு நடத்தி வந்தார். வெப்பமானி என்கிற கருவி இந்த நாட்டுக்குள் எப்படி நுழைந்தது, யார் யார் அதைக் கொண்டு எதை எதை அளந்தார்கள் என்பது அவருடைய ஆயுசு ஆராய்ச்சி. என் பரணில் கிடந்த பழைய மலர்களை வாரம் தவறாமல் வந்து புரட்டுவார். தும்முவார், சிரிப்பார், குறித்துக்கொள்வார்.

"அக்கா, இன்னொருத்தர் மாட்டிக்கிட்டாரு."

"யாரு?"

"ஒரு கப்பல் கணக்குப்பிள்ளை. நாட்டுக்கு முதல் வெப்பமானிய இவருதான் கொண்டாந்தாராம். இவரோட சேத்து முதல் ஆளுங்க அஞ்சு பேரு!"

"செத்தவங்க புளுகுறாங்கன்றீங்களா?"

"சேச்சே. செத்தவங்க பொய்யே சொல்ல மாட்டாங்கக்கா. எல்லாம் அவங்க பெத்ததுங்க பண்ற வேலை."

அந்த ஐவரைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குத் தலைநகரத்தில் கைதட்டல் கிடைத்தது. ஊரில் கிடைத்தது, ஐந்து குடும்பங்களின் முறைப்பு. ஒரு வீட்டுக்காரர்கள் சந்தையில் அவரைக் கண்டால் மீன் கூடையை வேண்டுமென்றே அவர் பக்கம் உதறுவார்கள். அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போவார். உண்மை பேசினால் கொஞ்சம் மீன் தண்ணீர் படத்தான் செய்யும் என்று அதிலும் ஒரு பெருமை.

ஆராய்ச்சி முழுவதையும் ஒரு புத்தகமாக எழுதி முடித்திருந்தார். போட ஆளில்லை. ஒரு பதிப்பாளர் படம் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர் பேய் வருமா என்று கேட்டார். ஓய்வு பெறுவதற்குள் அதை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று மனிதர் ஏங்கினார். ஏக்கத்தை மறைக்கவும் தெரியாது, பாவம்.

அந்தச் சமயத்தில் ஐஸ் ஃபாக்டரி கிம்ஹொங் காலமானார். எங்கள் வழக்கப்படி உடலைப் பெட்டியில் வைத்து, நாள் பார்த்து எரிக்கச் சில மாதம் ஆகும். மகள் பென்ஸ்ரீ என் கடைக்கு வந்தாள். மீன்சாஸ் வியாபாரம் செய்யும் இன்னொரு குடும்பத்து மலரில் பிக்கு உரை வந்துவிட்டதால் இவளுக்கு அதைவிட ஒசத்தியாக ஏதாவது வேண்டும்.

"அப்பா ஆயுசு முழுக்கக் குளிர வித்தவரு. அதுக்கு ஏத்த மாதிரி விஞ்ஞானமா எதுனா இருக்காக்கா?"

இருந்ததே! ஆள் அனுப்பி ஆஜானை வரவழைத்தேன். வாழ்நாளெல்லாம் கேலி செய்த மலருக்குள் தன் புத்தகமா என்று முகம் சுருங்கியது. நல்ல தாள், ஆயிரத்தைந்நூறு பிரதி என்றேன். சுருக்கம் போய்விட்டது. என் எழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மட்டும் கறாராகச் சொன்னார். பென்ஸ்ரீயும் கும்பிட்டு ஒப்புக்கொண்டாள்.

மெய்ப்பு திருத்தும்போது அவள் மறுபடி வந்தாள்.

"ஆஜான், ஒரே ஒரு வரி. அப்பா சொல்லுவாரு, எங்க கொள்ளுத்தாத்தா சீனாவுலேர்ந்து கப்பல் ஏறுறப்ப ஒரு வெப்பமானியையும் கொண்டாந்தாராம். நம்ம நாட்டுக்கே அதான் மொதல்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது. ஆஜான் என்னை முறைத்தார்.

"கொண்டாந்த வெப்பமானி எங்கம்மா?"

"ஒடஞ்சு போச்சு."

"அஞ்சு பேரோடதும் ஒடஞ்சுதான் போச்சு. வேணாம்மா, விட்டுரு."

"எங்கப்பா பொய் சொல்வாருன்றீங்களா? பெட்டிக்குள்ள கெடக்குறாரு, எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியாதுன்னுதானே!" என்று ஓவென்று அழுதுவிட்டாள்.

தகனத்துக்கு நாள் குறித்தாயிற்று. கோவிலில் பந்தல் போட்டாயிற்று. ஆஜான் என் கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில், அந்த வரி முன்பக்கத்துக்குப் போகட்டும், என் புத்தகத்துக்குள் வரக்கூடாது என்றார். அது குடும்பத்தின் பக்கம், இது என் பக்கம். போதாததற்கு, கிம்ஹொங்கின் வாழ்க்கையை அவர்கள் எழுதியிருந்த லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்காமல் தானே உட்கார்ந்து திருத்தி எழுதினார். கப்பல் வரியின் கடைசியில் 'என்று குடும்பத்தார் கூறுவர்' என்று சேர்த்தார். இத்தனை ஜாக்கிரதையாகப் பொய்க்கு வேலி கட்டிய ஆளை நான் பார்த்ததில்லை.

தகனத்தன்று நல்ல வெயில். வந்தவர்களுக்கெல்லாம் ஃபாக்டரி ஐஸ் போட்ட வாசனை நீரில் ஊறிய சோறு. முன்பக்கங்களைப் படித்து ஊரே மூக்கைச் சிந்தியது. பின்பக்கங்களால் விசிறிக்கொண்டார்கள். அன்றைக்கு ஆஜானுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு பிரதியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். தலைநகரத்தில் ஒரு இளம் ஆராய்ச்சியாளரின் நூல் வெளிவந்தது. நாட்டின் முதல் வெப்பமானியைக் கொண்டுவந்தவர் பெட்சபுரி ஐஸ் வியாபாரியின் பாட்டனார் என்று அதில் இருந்தது. ஆதாரம்: தவின், ஒன்பதாம் பக்கம், அதாவது அவரே திருத்தி எழுதிய அந்த முன்பக்கம். 'என்று குடும்பத்தார் கூறுவர்' வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது. பள்ளிப் பாடப்புத்தகத்துக்கும் அது ஏறப்போகிறது என்று பேச்சு. பென்ஸ்ரீ சந்தோஷத்தில் கல்லூரிக்கு ஒரு மாதம் இலவசமாக ஐஸ் அனுப்பினாள்.

ஆஜான் மறுப்பு எழுதி அனுப்பிவிட்டு, சில மாதம் கழித்துப் பதில் கேட்கத் தலைநகரத்து ஆய்விதழுக்கு நேரிலேயே போனார். திரும்பி வந்து என் கடை முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

"என்னதான் சொன்னாங்க?"

"கொண்டுவந்தாருன்றதுக்கு அச்சுல ஆதாரம் இருக்காம். கொண்டுவரலன்றதுக்கு எங்கேன்னு கேக்குறாங்க."

"நான்தான் அந்தத் தவின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. பேர மறைச்சுத்தான் மதிப்புரைக்கு அனுப்புவாங்களாம். மதிப்புரை பண்ணுனவரு, இந்தக் கட்டுரையாளர் தவினைச் சரியாப் படிக்கலன்னு எழுதியிருக்காராம்."

சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலைக்கு மிஞ்சியது ஆறாவது முதல் ஆள்தான். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மறுப்பைச் சும்மாவே அச்சடித்துத் தருகிறேன் என்றேன். யார் வாங்குவார்கள் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். எங்கள் ஊரில் யாராவது செத்தால்தான் புத்தகம் வாங்கக் கை நீளும். இறந்தவர் கொடுத்ததென்று குப்பையிலும் போட மாட்டார்கள், தலைநகரத்து நூலகம்கூடக் கேட்டு வாங்கி அடுக்கும்.

அந்த வருடக் கடைசியில் அவர் அம்மா படுத்துவிட்டார். பனங்காடுகளுக்கு நடுவே வெல்லம் காய்ச்சிக் காய்ச்சி மகனைப் படிக்க வைத்த அம்மா. ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். கிழவிக்கு மூச்சுதான் குறைந்திருந்தது, வாய் குறையவில்லை.

"தம்பி, எனக்கும் புஸ்தகம் போடுவல்ல?"

"போடுறேம்மா. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"பின்னால உன் சமாச்சாரம் எதை வேணா போட்டுக்க. முன்னால மட்டும் என்னைப் படிச்சவள்னு போடு."

ஆஜான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அம்மா, நீங்க பள்ளிக்கூடமே போனதில்லயே."

"அது எனக்குத் தெரியாதாடா? ஊர்ல செத்தவங்க எல்லாரும் படிச்சவங்களாத்தான் போயிருக்காங்க. நான் மட்டும் கைநாட்டாவா போகணும்?"

ஆஜான் குனிந்து போர்வையை இழுத்து விட்டார்.

அம்மா போனபின் மலருக்கான தாள்களை அவரே கொண்டுவந்து கொடுத்தார். பின்பக்கங்களில் மறுப்பு முழுசாக இருந்தது. ஆறு பேரையும் பெயர் சொல்லி, தேதி காட்டி, வரிக்கு வரி ஆதாரத்தோடு பிளந்திருந்தார். நினைவு மலர்களில் குடும்பத்தார் சேர்க்கும் பொய் எப்படி ஒரு நாட்டின் வரலாறாகிறது என்று காரசாரமாக ஒரு முடிவுரை வேறு. இனி அதை யாரும் அச்சில் இல்லை என்று சொல்ல முடியாது.

முன்பக்கத்துக்கு வந்தேன். பனங்காடு, வெல்லம், விதவைக் கோலம், எல்லாம் உள்ளபடி. நடுவில் ஒரு வரி: 'கோவில் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை பயின்றவர்.'

தலை நிமிர்ந்தேன். ஆஜான் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"ஏன் ஆஜான், பெத்த தாய்க்கு நாலாவதோட நிறுத்திட்டீங்களே. கஞ்சத்தனம்தானே இது?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"ஏழாவதுன்னு போடுங்கக்கா," என்றார்.

போட்டேன்.